ப்ரீசெட் போட்டதும் படம் கெடுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடைத் திருவிழா என்று திருநெல்வேலிப் பக்கம் படம் எடுக்கிற தம்பிமார் பெரும்பாலும் ப்ரீசெட்டை, அதாவது ஒரே கிளிக்கில் படத்தில் ஏற்றச் சேமித்து வைத்த திருத்த அளவுகளின் தொகுப்பை நம்பித்தான் வேலை பார்க்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் விழும் காலம் இது. ஒவ்வொன்றையும் அடியிலிருந்து திருத்த உட்கார்ந்தால் ஆல்பம் கொடுக்கும் நாள் தள்ளிக்கொண்டே போகும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய ப்ரீசெட் ஆகட்டும், இலவசமாக இறக்கியது ஆகட்டும், நாமே செய்தது ஆகட்டும், போட்டதும் படம் கோணலாகிப் போவது அடிக்கடி நடக்கிறது. உடனே எல்லாரும் இன்னொரு ப்ரீசெட் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் ப்ரீசெட் ஏன் சரிவரவில்லை என்று பார்க்காமல் போனால் பத்தாவதும் சரிவராது.

இதில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. ப்ரீசெட்டுக்குள் நிறத்தைப் பற்றிய உங்கள் ரசனை மட்டும் இருக்க வேண்டும். அதைச் செய்தபோது திறந்திருந்த படத்தின் வெளிச்சம் அதற்குள் போகக் கூடாது. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பலவும் இந்த இரண்டும் கலந்துபோவதால் வருபவைதான்.

கணினியில் படம் திருத்தும் அடோபி மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கை மனதில் வைத்து எழுதுகிறேன். ஃபோட்டோஷாப்பில் உள்ள கேமரா ராவுக்கும் மொபைல் லைட்ரூமுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எதையும் தொடுவதற்கு முன்னால்

ப்ரீசெட் போட்ட படத்தை டெவலப் பகுதியில் திறங்கள். வலது பக்கம் டோன் கர்வ், கலர் மிக்சர், கலர் கிரேடிங், லென்ஸ் கரெக்‌ஷன்ஸ், எஃபெக்ட்ஸ், காலிப்ரேஷன் என்று பேனல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் தலைப்பை ஒட்டியும், பழைய பதிப்பில் ஒரு சின்ன ஸ்விட்ச், புதிய பதிப்பில் கண் போன்ற ஒரு குறி இருக்கும். அதை வைத்து ஒவ்வொரு பேனலாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் கோளாறு மறைகிறதோ, காரணம் அந்தப் பேனலுக்குள் இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கோளாறு அப்படியே இருந்தால் பேசிக் பேனலைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் படம் எடுத்த விதத்திலோ உங்கள் ஸ்கிரீனிலோ பிரச்சினை.

இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் பத்து ஸ்லைடரை ஒரே நேரத்தில் இழுக்க ஆரம்பித்தால், படம் கடைசியில் சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த படத்துக்கு அந்த அறிவு உதவாது.

முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது

நம் ஊரில் அதிகம் வரும் புகார் இதுதான். "என்ன அண்ணாச்சி, புள்ள மூஞ்சி இப்படி வெளிறிப் போய்க் கெடக்கு?" என்று பெண்ணின் அம்மா கேட்டுவிட்டால் அந்த ஆல்பத்துக்கு வேறு மதிப்பெண் கிடையாது.

சந்தையில் ஓடும் ப்ரீசெட்டுகளில் பல, வெளிர் தோலையும் மேகம் மூடிய மென்மையான வெளிச்சத்தையும் வைத்துச் செய்யப்பட்டவை. நம் மாநிறமும் கறுப்பும், ஒவ்வொரு நிறத்தையும் தனியாகத் திருத்தும் கலர் மிக்சரில் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்லைடருக்குள் அடங்கும். உதடும் கன்னத்து நிழலும் கொஞ்சம் சிவப்புக்குள் போகும். அந்த ப்ரீசெட்டுகள் ஆரஞ்சின் லுமினன்ஸை (பிரகாசத்தை) ஏற்றி, சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) இறக்கி வைத்திருக்கும். வெளிர் தோலில் அது மெல்லிய பளபளப்பாகத் தெரியும். மாநிறத்தில் இரத்த ஓட்டமே இல்லாத சாம்பலாகத் தெரியும்.

முதலில் ஆரஞ்சு லுமினன்ஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் ஆரஞ்சு சாச்சுரேஷனைப் பூஜ்யத்துக்கோ, மீறிப்போனால் −5க்கோ வையுங்கள். பாதிப் படங்கள் இத்தோடு உயிர் பெறும்.

அப்படியும் சாம்பல் போகவில்லையா? இருட்டு, வெளிச்ச அளவுகளை ஒரு கோட்டால் காட்டும் டோன் கர்வைத் திறந்து இடது கீழ் மூலையைப் பாருங்கள். கோடு மூலையிலிருந்து தொடங்காமல் சற்று மேலே ஏறித் தொடங்கினால், படத்தில் கறுப்பு என்பதே கிடையாது. எல்லாக் கறுப்பும் சாம்பல். பழைய ஃபிலிம் மாதிரி மங்கலாக்க இப்படிச் செய்வார்கள். எண்ணெய் வைத்துப் பின்னிய கூந்தல், கண் மை, ஆழ்ந்த நிறம் மூன்றும் இதில் அடிபடும். அந்தப் புள்ளியைக் கீழே இழுத்து மூலைக்குக் கொண்டுவந்து, கூந்தலைப் பாருங்கள். கூந்தல் கறுப்பானதும் முகத்துக்கும் அழுத்தம் வந்துவிடும்.

மூன்றாவது இடம், நிழலுக்கும் வெளிச்சப் பகுதிக்கும் தனித்தனியாகச் சாயம் ஏற்றும் கலர் கிரேடிங். நிழல் வட்டத்தில் நீலமோ நீலப்பச்சையோ ஏற்றியிருந்தால், கறுத்த தோலின் பெரும்பகுதி நிழல் எல்லைக்குள் இருப்பதால் அந்த நீலம் முகத்திலேயே படிகிறது. தோலின் ஆரஞ்சும் இந்த நீலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாம்பலாகும். நிழல் வட்டத்தின் சாச்சுரேஷனை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்துப் பாருங்கள்.

முகம் வெளிச்சமாக வேண்டுமென்றால் அதற்கு எக்ஸ்போஷர் (படத்தின் மொத்த வெளிச்ச அளவு) இருக்கிறது, மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் வசதி) இருக்கிறது. ஆளின் நிறத்தை மாற்றி வெளிச்சம் கொண்டுவரக் கூடாது. வாடிக்கையாளரே "கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுங்க" என்று கேட்டாலும், முகத்தில் வெளிச்சத்தைக் கூட்டி, நிறத்தை அப்படியே விட்ட ஒரு படத்தைக் காட்டுங்கள். கேட்டது நல்ல வெளிச்சத்தைத்தான் என்று பெரும்பாலும் அவர்களுக்கே புரியும்.

பச்சை வயல் வைக்கோல் ஆகிவிடுகிறது

சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் கார் பருவத்திலோ பிசானத்திலோ வயல் நடுவே நிறுத்தி எடுத்த ஜோடிப் படம். ப்ரீசெட் போட்டதும் வயல் காய்ந்து பழுப்பாகிவிடும். பச்சையை மஞ்சள் பக்கம் தள்ளி, நிறத்தையும் இறக்குவது சில ஆண்டுகளாகவே ஓடும் பாணி. ஊசியிலைக் காட்டுக்கு அது பொருந்தலாம். தாமிரபரணிப் பாசனத்து வயலுக்குப் பொருந்தாது.

இங்கே பலர் பச்சை ஸ்லைடரை மட்டும் திருப்பி வைத்துவிட்டு, ஏன் மாறவில்லை என்று திகைப்பார்கள். நாற்று, புல், இளம் வாழையிலை இவற்றின் பச்சை கேமராவுக்கு மஞ்சளாகத்தான் பெரிதும் பதிகிறது. அதனால் மஞ்சள் ஸ்லைடரின் ஹ்யூவையும் (நிறச் சாயலையும்) சாச்சுரேஷனையும் முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு பச்சை. அப்படியும் திரும்பவில்லையென்றால் காலிப்ரேஷன் பேனலில் பச்சை, நீல ப்ரைமரிகளை (அடிப்படை நிறங்களை) நகர்த்தியிருப்பார்கள், அவற்றையும் பாருங்கள்.

இதிலேயே இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வயலுக்காக மஞ்சளை இறக்கிய ப்ரீசெட்டை மண்டபத்துப் படத்தில் போட்டால் மஞ்சள் கயிறும், நலங்கு மஞ்சளும், தங்க நகையும் வெளிறிவிடும். தாலி கட்டும் படத்தில் மஞ்சள் கயிறு வெளிறிப் போவதை வீட்டுப் பெரியவர்கள் ஏற்க மாட்டார்கள்; ஏற்கவும் கூடாது. ஒரே ப்ரீசெட்டால் இரண்டையும் சமாளிக்க முயலாமல், வெளிப்புறத்துக்கு ஒன்று, மண்டபத்துக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள்.

தேரி மண் எரிகிறது, கூடவே ஆளும் எரிகிறார்

உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் எடுக்கும் படங்களுக்கு உரிய கோளாறு. அந்தச் செம்மணலும் மனிதத் தோலும் ஒரே ஆரஞ்சு, சிவப்பு எல்லைக்குள் இருப்பவை. ஆரஞ்சை ஏற்றினால் மண் அழகாகும், முகம் தக்காளியாகும். இறக்கினால் முகம் சரியாகும், மண் செத்துவிடும். கலர் மிக்சருக்கு மண் எது, முகம் எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது நிறம் மட்டும்.

ப்ரீசெட்டில் முகத்துக்குச் சரியாக வரும் அளவை வைத்துக்கொள்ளுங்கள். மண்ணை மாஸ்கில் கவனியுங்கள்: ஆளைத் தேர்வு செய்யும் மாஸ்கைப் போட்டு, அதைத் தலைகீழாக்கி, அதற்குள் சாச்சுரேஷனைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். மாலை வெயிலில் மண்ணிலிருந்து எதிரொளிக்கும் சிவப்பு தாடைக்கு அடியில் படியும். அது இயல்பானது. முழுக்கத் துடைத்து எடுத்தால் ஆளை வெட்டி ஒட்டிய மாதிரி ஆகிவிடும்.

அரக்குப் பட்டு ஒரே சிவப்புத் தகடாகிறது

மடிப்பும் இல்லை, நெய்த புட்டாவும் இல்லை, சேலை முழுக்க ஒரே சிவப்பு. வைப்ரன்ஸ், சாச்சுரேஷன், காலிப்ரேஷனில் சிவப்பு என்று மூன்று இடத்தில் ஏற்றிய ப்ரீசெட்டுகளில் இது வரும். குலசேகரன்பட்டினம் (குலசை) தசராவின் செவ்வாடைக் கூட்டத்திலும் இதே கதைதான்.

ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டு முதல் வெளிச்சம் வரையுள்ள அளவுகளின் வரைபடத்தைப் பாருங்கள். சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். சிவப்பு சாச்சுரேஷனை −10, −15 வரை இறக்கி, சிவப்பு லுமினன்ஸையும் சற்று இறக்குங்கள். மடிப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ராவில் (கேமரா பதிவைத் திருத்தாமல் வைக்கும் ஃபைலில்) எடுத்திருந்தால் எக்ஸ்போஷரைக் கால் ஸ்டாப் (0.25) குறைத்தாலும் மீளும். ஜேபெக்கில் சிவப்பு ஏற்கெனவே முட்டிப்போயிருந்தால் மீட்க முடியாது. பட்டு எடுக்கும்போது கேமராவிலேயே சிவப்புச் சேனலின் ஹிஸ்டோகிராமைத் தனியாகப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

எஸ் விசையைத் தட்டினால் சாஃப்ட் ப்ரூஃபிங் (வெளியே போகும் படம் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே காட்டும் வசதி) வரும். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற எல்லையைத் தேர்ந்தெடுத்து எச்சரிக்கைக் குறியைப் போட்டால், அந்த நிற எல்லைக்குள் அடங்காத சிவப்பு எது என்று காட்டிவிடும். ஆல்பத்துக்குப் போகும் பட்டுச் சேலைப் படங்களை இதில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஒரு படத்தில் இருட்டு, அடுத்ததில் கண் கூசும் வெளிச்சம்

முதலில் சொன்ன கலப்படம் இங்கேதான் முழுசாக வெளிப்படும்.

ப்ரீசெட், இருக்கும் எண்ணோடு கூட்டாது. தன் எண்ணைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துவிடும். எக்ஸ்போஷரை +0.30 என்று நீங்கள் அழகாகத் திருத்தி வைத்திருப்பீர்கள். ப்ரீசெட்டுக்குள் +0.80 இருந்தால் போட்டதும் +0.80 ஆகிவிடும். உங்கள் 0.30 போயே போய்விட்டது. மண்டபத்துக்குள் இருட்டில் எடுத்த படத்தை வைத்துச் செய்த ப்ரீசெட், வாசலில் பன்னிரண்டு மணி வெயிலில் மாப்பிள்ளை அழைப்பில் போட்டால் வேட்டியில் ஒரு விவரமும் மிஞ்சாது. கூந்தன்குளத்து மஞ்சள் மூக்கு நாரையின் வெள்ளைச் சிறகு வெந்துபோவதும் இதே காரணத்தால்தான். அங்கே பெரும்பாலும் குற்றவாளி ஒயிட்ஸ் ஸ்லைடர்.

அதனால் ப்ரீசெட்டை இந்த வரிசையில் செய்யுங்கள். ஒரு படத்தை ரீசெட் செய்து, அதன் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிறச் சமநிலையையும்) முதலில் சரிசெய்யுங்கள். இது அந்தப் படத்துக்கான வேலை. அதற்குப் பிறகு டோன் கர்வ், கலர் மிக்சர், கலர் கிரேடிங், காலிப்ரேஷன் என்று உங்கள் ரசனையைச் சேருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய ப்ரீசெட் பெட்டி திறக்கும். எதையெல்லாம் சேர்ப்பது என்று வரிசையாக டிக் கட்டங்கள் இருக்கும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ட்ரான்ஸ்ஃபார்ம், லென்ஸ் கரெக்‌ஷன், நாய்ஸ் ரிடக்‌ஷன், மாஸ்க் எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஹைலைட்ஸ், ஷேடோஸ், ஒயிட்ஸ், பிளாக்ஸ் நான்கையும்கூட நான் எடுத்துவிடுவேன். சிலர் வைத்துக்கொள்வார்கள், வெளிச்சம் அதிகம் மாறாத ஸ்டுடியோ வேலைக்கு அது ஓடும்.

ஒன்று கவனியுங்கள். ஒரு ஸ்லைடர் பூஜ்யத்தில் இருந்தாலும் அதற்கு டிக் இருந்தால் அந்தப் பூஜ்யமும் சேமிக்கப்படும். நாளைக்கு வேறு படத்தில் நீங்கள் வைத்த அளவை அது அழிக்கும். "நான் அதைத் தொடவே இல்லையே" என்று குழம்புவது இதனால்தான்.

வாங்கிய ப்ரீசெட்டையும் இப்படிச் சுத்தம் செய்யலாம். படத்தில் போட்டு, வேண்டாததைத் திருத்தி, ப்ரீசெட் பெயரில் வலது கிளிக் செய்து அப்டேட் வித் கரன்ட் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுத்தால் அதே டிக் கட்டங்கள் வரும். அசலின் நகல் ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.

ஒரே வெளிச்சத்தில் எடுத்தும் ஷட்டரோ அபெர்ச்சரோ மாறியதால் படங்கள் ஏறி இறங்கி இருந்தால், ப்ரீசெட்டுக்கு முன்பாகவே ஒரு வேலை செய்யுங்கள். சரியாக உள்ள படத்தை முதன்மையாக வைத்து மற்றவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸ் மெனுவில் மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ் கொடுங்கள். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகு ப்ரீசெட்.

மொத்தமும் மஞ்சளடிக்கிறது, அல்லது நீலமடிக்கிறது

ஒயிட் பேலன்ஸில் உள்ள டெம்பரேச்சர், ராவில் கெல்வின் எண்ணாக இருக்கும், 2000 முதல் 50000 வரை. ஜேபெக்கில் அது −100 முதல் +100 வரையிலான வெறும் நகர்வு. ஒன்றில் சேமித்த எண்ணுக்கு மற்றதில் அர்த்தம் கிடையாது. ப்ரீசெட்டில் ஒயிட் பேலன்ஸ் வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

கையால் சரிசெய்த ஒயிட் பேலன்ஸ், ப்ரீசெட் போட்டதும் பழைய நிலைக்குப் போய்விடுகிறது என்றால், அதைச் சேமித்தபோது ஆஸ் ஷாட் (கேமரா எடுத்தபடி) நிலையில் டிக் இருந்திருக்கிறது. அப்டேட் செய்து டிக்கை எடுங்கள்.

பந்தல் துணிதான் நம் ஊரில் பெரிய எதிரி. ரோஸ், மஞ்சள், பச்சைத் துணிகளின் வழியாக உச்சி வெயில் இறங்கும்போது முகம் அந்தத் துணியின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டியில் ஐட்ராப்பரை (நடுநிலை நிறத்தைத் தொட்டுக் காட்டும் கருவியை) வைத்துச் சரிசெய்யலாம் என்று தோன்றும். வைக்காதீர்கள். துவைக்கும்போது போட்ட நீலமும், சோப்புத்தூளில் உள்ள பளிச்சிட வைக்கும் ரசாயனமும் வேட்டிக்கு ஒரு நீலச் சாயலைக் கொடுத்திருக்கும். அதை நடுநிலை வெள்ளை என்று மென்பொருளிடம் சொன்னால், நீலத்தைக் கழிக்கிறேன் என்று படம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். கேமரா பையில் ஒரு கிரே கார்டு (நடுநிலைச் சாம்பல் அட்டை) வையுங்கள். மணவறைக்கு முன், பந்தலுக்குக் கீழ், வாசலில் என்று வெளிச்சம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிற்பாடு அந்தக் கார்டில் ஒரு கிளிக், அப்புறம் ஒயிட் பேலன்ஸை மட்டும் அதே வெளிச்சத்துப் படங்களுக்கு சிங்க் (ஒரு படத்தின் அளவை மற்றவற்றிலும் ஏற்றுவது).

ரெண்டு கேமரா, ஒரே ப்ரீசெட், ரெண்டு நிறம்

உங்களிடம் ஒரு கம்பெனி கேமரா, கூட வந்த தம்பியிடம் வேறொன்று. ப்ரீசெட் ஒன்றேதான், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டு கல்யாணம் மாதிரி இருக்கும்.

முதலில் ப்ரொஃபைலை, அதாவது கேமரா பதிவை நிறமாக மாற்றும் அடிப்படைக் கணக்கைப் பாருங்கள். ஒன்றில் அடோபி கலரும் மற்றதில் கேமரா ஸ்டாண்டர்டும் இருந்தால் ப்ரீசெட் நிற்கும் தரையே வேறு. கேமராவின் சொந்த நிறத்தைப் பின்பற்றும் கேமரா மேட்ச்சிங் ப்ரொஃபைல்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கேனனில் உள்ள கேமரா ஃபெய்த்ஃபுல் நிக்கானில் கிடையாது. நிக்கானில் உள்ள கேமரா ஃப்ளாட் கேனனில் கிடையாது. இரண்டுக்கும் அடோபி கலரை வையுங்கள்.

அப்படியும் வித்தியாசம் இருக்கும். சென்சார் வேறு அல்லவா. 24 கட்டமுள்ள கலர் செக்கர் அட்டையை ஒரே வெளிச்சத்தில் இரண்டு கேமராவாலும் எடுத்து, கேமரா வாரியாக ப்ரொஃபைல் செய்துகொள்வது நிரந்தரத் தீர்வு. அட்டை இல்லையென்றால், ஒரே ஆளை ஒரே இடத்தில் நிறுத்தி இரண்டிலும் எடுத்து, இரண்டாம் கேமராவின் படத்தைக் காலிப்ரேஷனிலும் டின்டிலும் (பச்சை, மெஜன்டா பக்கம் நகர்த்தும் ஸ்லைடர்) நகர்த்தி முதல் கேமராவுக்கு ஒப்பாகக் கொண்டுவாருங்கள். டின்டில் எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, காலிப்ரேஷனை மட்டும் ஒரு சின்ன ஒப்பு ப்ரீசெட்டாகச் சேமியுங்கள். ப்ரிஃபரன்ஸஸில் ப்ரீசெட்ஸ் பகுதியில் ரா டிஃபால்ட்ஸ் என்று இருக்கும். அந்தக் கேமராவுக்கு மட்டும் இந்த ஒப்பு ப்ரீசெட்டைப் பொருத்திவிட்டால் படம் உள்ளே வரும்போதே ஒப்பாகி வரும். காலிப்ரேஷனை இதற்குப் பயன்படுத்தினால், உங்கள் ரசனை ப்ரீசெட்டில் காலிப்ரேஷன் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் அது ஒப்பு வேலையை அழித்துவிடும்.

ஜேபெக்கிலும் போன் படத்திலும் மட்டும் முரட்டுத்தனமாக வருகிறது

ஜேபெக்கில் கேமரா ஏற்கெனவே கான்ட்ராஸ்டும் நிறமும் சேர்த்து முடித்திருக்கும். ராவுக்குச் செய்த ப்ரீசெட் அதன் மேல் இன்னொரு அடுக்கு ஏற்றுகிறது. ப்ரீசெட்டின் அமவுன்ட் ஸ்லைடரை 100இலிருந்து 50, 60க்கு இறக்குங்கள். அமவுன்ட் நகரவே இல்லையென்றால், ப்ரீசெட் செய்யும்போது சப்போர்ட் அமவுன்ட் ஸ்லைடர் என்ற டிக்கைப் போடவில்லை.

மூலையில் சம்பந்தமில்லாத வெளிச்சம், வளைந்த தூண்

மூலையிலோ வானத்திலோ காரணமில்லாமல் வட்டமாக வெளிச்சம் தெரிந்தால், ப்ரீசெட் செய்தவர் தன் படத்தில் ஆளின் முகத்துக்குப் போட்ட மாஸ்க் கூடவே வந்துவிட்டது. மாஸ்க் பேனலைத் திறந்து நீக்குங்கள். வானம், ஆள் என்று தானாகக் கண்டுபிடிக்கும் மாஸ்க்குகள் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கணக்கிடப்படும்; அவை ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடலாம். கையால் வரைந்ததும் வட்டமும் கோடும் இடம் மாறாமல் அப்படியே உட்காரும்.

கோயில் பிரகாரத்தில் எடுத்த தூண் வரிசை வெளிப்பக்கம் வளைந்தாலோ, படத்தின் நான்கு மூலையும் நடுவைவிடப் பளிச்சென்று இருந்தாலோ, லென்ஸ் கரெக்‌ஷனில் வேறு யாருடைய லென்ஸோ பதிந்திருக்கிறது. உங்கள் லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

மேலே இன்னொன்று போட்டால் புதுசா ஏதோ வருகிறது

ஒரு ப்ரீசெட் பிடிக்கவில்லை, அதன் மேலேயே அடுத்தது, அதன் மேலே அடுத்தது. ஒவ்வொன்றும் தனக்குள் உள்ளதை மட்டுமே மாற்றும். முந்தையது தொட்டு, அடுத்தது தொடாததெல்லாம் படத்தில் தங்கிவிடும். கடைசியில் வந்த நிறத்தை மறுபடி கொண்டுவர உங்களாலேயே முடியாது. ஒவ்வொரு முறையும் கன்ட்ரோல் இசட் கொடுத்துப் பின்வாங்கி, அப்புறம் அடுத்ததைப் போடுங்கள். பெயர் மேல் மவுஸை வைத்தாலே முன்னோட்டம் தெரியும். கிளிக் செய்யாமலே பாதி வடிகட்டிவிடலாம்.

கொடை இரவுப் படம் புள்ளி புள்ளியாக, அல்லது முகம் ஊதாவாக

சுடலைமாடன் கோயில் கொடையில் நள்ளிரவு, வில்லுப்பாட்டு மேடை, சாமியாடிகள். உயர்ந்த ஐஎஸ்ஓவில் எடுத்திருப்பீர்கள். ப்ரீசெட் ஷேடோஸை +60, +70 ஏற்றினால் இருட்டுக்குள் இருந்த நாய்ஸ் எல்லாம் மேலே வரும். கொடைப் படத்துக்கு இருட்டு வேண்டும். ஷேடோஸைப் பூஜ்யத்தில் விட்டு, பிளாக்ஸைச் சற்று இறக்குங்கள். தீப்பந்தமும் முகமும் மட்டும் தெரிந்தால் போதும். நாய்ஸ் ரிடக்‌ஷனை ப்ரீசெட்டில் சேர்க்க வேண்டுமென்றால், ஐஎஸ்ஓவுக்கு ஏற்ப மாறும்படிச் செய்யும் வசதி இருக்கிறது. குறைந்த ஐஎஸ்ஓவில் ஒரு படம், கூடிய ஐஎஸ்ஓவில் ஒரு படம் இரண்டிலும் தனித்தனியாக அளவு வைத்து, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ப்ரீசெட் செய்தால் நடுவில் உள்ளதை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

நீல, ஊதா எல்இடி விளக்கு முகத்தில் நேரடியாக அடித்தால் நீலச் சேனல் முட்டிவிடும், மற்ற இரண்டிலும் விவரமே இருக்காது. ஒயிட் பேலன்ஸால் அதை மீட்க முடியாது. இல்லாத விவரத்தை எந்த ப்ரீசெட்டும் கொண்டுவராது. காலிப்ரேஷனில் நீல ப்ரைமரியின் சாச்சுரேஷனை இறக்கினால் திட்டுத் திட்டாகத் தெரிவது மட்டுப்படும். அதற்கு மேல் கறுப்பு வெள்ளைதான். கொடைப் படங்களில் சில, கறுப்பு வெள்ளையில் நிஜமாகவே நன்றாக நிற்கும்.

குற்றாலச் சாரல் காணாமல் போகிறது

ப்ரீசெட்டில் டிஹேஸ் இருக்கிறது. அது பனிமூட்டத்தைத் துடைப்பதற்கென்றே செய்த கருவி. ஜூன், ஜூலைச் சாரலையும் மாஞ்சோலை மூடுபனியையும் அது அழுக்கென்று நினைத்து எடுத்துவிடும். பூஜ்யத்தில் வையுங்கள். மலை கொஞ்சம் தெரிய வேண்டுமென்றால் மலைக்கு மட்டும் மாஸ்கில் +5, +8 போதும்.

ப்ரீசெட் ஏறவில்லை, ஏறியது காணவில்லை

ஜிப் ஃபைலுக்குள் இன்னொரு ஜிப் இருந்தால் முதலில் பிரித்துவிடுங்கள். இப்போதைய ப்ரீசெட்டுகள் எக்ஸ்எம்பி ஃபைலாக இருக்கும். 2018 ஏப்ரலில் வந்த 7.3 பதிப்புக்கு முன் எல்ஆர்டெம்ப்ளேட் என்று இருந்தன. பழைய லைட்ரூமில் எக்ஸ்எம்பி ஏறாது. கியூப் என்று முடிந்தால் அது வீடியோவுக்கான லட், அதாவது நிற மாற்ற அட்டவணை. ப்ரீசெட்டாக நேரடியாக ஏறாது, கேமரா ராவில் ப்ரொஃபைலாக மாற்ற வேண்டும். டிஎன்ஜி என்றால் அது ஒரு படம். மொபைலில் படமாகச் சேர்த்து, திறந்து, மூன்று புள்ளி மெனுவில் கிரியேட் ப்ரீசெட் கொடுங்கள்.

ஏறிய ப்ரீசெட் சில படங்களில் மட்டும் தெரியவில்லையென்றால், அதிலுள்ள ப்ரொஃபைல் அந்தப் படத்துக்குப் பொருந்தவில்லை. ப்ரிஃபரன்ஸஸில் ப்ரீசெட்ஸ் பகுதியில், பாதி பொருந்துபவற்றையும் காட்டும் டிக்கைப் போட்டால் மங்கலான எழுத்தில் தெரியும்.

புதிய கேட்டலாக் (லைட்ரூமின் படப் பதிவேடு) திறந்ததும் எல்லாமே மாயமாகிவிட்டால் பதற வேண்டாம். அதே பகுதியில் ஸ்டோர் ப்ரீசெட்ஸ் வித் திஸ் கேட்டலாக் என்ற டிக் போட்டிருப்பீர்கள். ப்ரீசெட்டுகள் பழைய கேட்டலாக் ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கும். கிளாசிக்கில் உள்ளது போனுக்குத் தானாகப் போகாது. எக்ஸ்எம்பியைக் கிளவுட் வகை லைட்ரூமில் ஏற்றினால் அங்கிருந்து போனுக்கு வரும்.

ஒரு படத்தில் போட்டேன், எல்லாவற்றிலும் ஏறிவிட்டது

சிங்க் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஆட்டோ சிங்க் ஸ்விட்ச் போட்டிருக்கிறது. கன்ட்ரோல் இசட் கொடுத்துவிட்டு அணையுங்கள்.

ஸ்கிரீனில் அருமை, ஆல்பத்தில் இருட்டு, போனில் நீலம்

இதற்கு ப்ரீசெட் பொறுப்பில்லை. ஸ்கிரீன் முழு வெளிச்சத்தில் இருந்தால் படத்தைத் தேவைக்கு மேல் இருட்டாகத் திருத்துவீர்கள். அச்சுக்குப் போகும் வேலைக்கு ஸ்கிரீன் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை இருப்பது வழக்கம். அளக்கக் கருவி இல்லையென்றால், ஸ்கிரீனில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசமாகத் தெரியும்வரை இறக்குங்கள்.

சாயங்காலம் திருத்திய படங்கள் மட்டும் மறுநாள் காலையில் நீலமாகத் தெரிகின்றனவா? விண்டோஸில் நைட் லைட் தானாக ஓடுகிறது. அது ஸ்கிரீனை மஞ்சளாக்கும், நீங்கள் அந்த மஞ்சளைக் கழிக்கப் படத்தை நீலமாக்கிவிடுவீர்கள். போனில் திருத்துவோர் ஐ கம்ஃபர்ட் போன்றவற்றையும் அணைக்க வேண்டும். திருத்தும் மேசைக்கு மேலே கலர் எல்இடி வேண்டாம்.

எக்ஸ்போர்ட்டில் கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி என்று இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபியிலோ ப்ரோஃபோட்டோவிலோ அனுப்பிய படம் பல செயலிகளில் சோகையாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. ஆல்பம் லேபிடம் எந்தக் கலர் ஸ்பேஸ் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புது ப்ரீசெட்டில் முதல் ஆல்பம் போடுவதாக இருந்தால், முழுசும் அனுப்புவதற்கு முன் நான்கு படங்களை மட்டும் சின்ன அளவில் அச்சடித்து வாங்குங்கள்: ஒரு கறுத்த முகம், ஒரு அரக்குப் பட்டு, ஒரு மஞ்சள் கயிறு, ஒரு வெள்ளை வேட்டி. பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் பார்த்து, நான்கும் சரியாக இருந்தால் மீதியை அனுப்பலாம்.